1970களில் தமிழக நூல்களுக்கு இருந்த இறக்குமதிக் கட்டுப்பாடு: பொருளாதார நடவடிக்கையா, மொழி ஒடுக்குமுறையா?

நெய்தல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஈழத்துத் தமிழ்ப் பதிப்புத்துறை குறித்து ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1970 முதல் 1977 வரை இலங்கையில் ஆட்சியில் இருந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம், தமிழகத்திலிருந்து வந்த நூல்களையும் வார, மாத சஞ்சிகைகளையும் கடுமையாகக் கட்டுப்படுத்தியது என்பது இங்குள்ள பலருக்கும் தெரிந்த செய்திதான். அதை எப்படி மதிப்பிடுவது என்பதில்தான் எனக்குச் சிக்கல்.

அரசியல் எழுத்துகளில் இக்கட்டுப்பாடு தமிழரைத் தனிமைப்படுத்தும் முயற்சியாகவே இடம்பெறுகிறது. தனித் தமிழ் அரசு கோரி 1976 மே 14ஆம் திகதி நிறைவேறிய வட்டுக்கோட்டைத் தீர்மானம், தென்னிந்தியத் தமிழ்ப் பண்பாட்டின் பிரதான ஓட்டத்திலிருந்து ஈழத் தமிழரை முறையாகத் துண்டித்ததையும் அரசுக்கு எதிரான குற்றச்சாட்டுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. இலக்கிய வரலாறுகளைப் புரட்டினால் காட்சி தலைகீழாக மாறிவிடுகிறது. அதே ஆண்டுகள் அங்கே ஈழத்து நாவலும் சிறுசஞ்சிகையும் தழைத்த காலமாகப் பேசப்படுகின்றன, இறக்குமதிக் கட்டுப்பாடு அதற்குத் துணைபுரிந்ததாக நன்றியோடு குறிப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே நடவடிக்கை எப்படி ஒடுக்குமுறையாகவும் ஊக்குவிப்பாகவும் இருக்க முடியும்? எந்த மொழியின் பெயரையும் சொல்லாத ஒரு பொருளாதார விதியை மொழிக்கு எதிரானது என்று சொல்வதற்கு என்ன அளவுகோல் வேண்டும்? பிற நாடுகளில் சிறுபான்மை மொழி நூல்களுக்கு விதிக்கப்பட்ட தடைகளோடு இதை ஒப்பிடலாமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பழைய நூலகர்

அந்தக் காலத்தை நேரில் கண்டவன் என்ற முறையில், முதலில் பொருளாதாரப் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் பேசினால் எல்லாம் சதியாகவே தெரியும். அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு 1970இல் திடீரென்று முளைத்ததல்ல. அத்தியாவசியமானவற்றுக்கு ஒரு நாணய மாற்று விகிதம், மற்றவற்றுக்கு மேலதிக விலை கொடுத்துச் சான்றிதழ் வாங்கியாக வேண்டிய இன்னொரு விகிதம் என்ற இரட்டை முறை 1968இலேயே, அதாவது முந்திய ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சியிலேயே, வந்துவிட்டது. 1973இல் எண்ணெய் விலை ஏறியபோது நிலைமை மேலும் மோசமானது. சீனி, துணி, மா என்று எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்ற காலம் அது. சோற்றுக்கே செலாவணி தேடிய நிதி அமைச்சு வார இதழுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்காததில் வியப்பில்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இதே இறக்குமதிக் கட்டுப்பாடுதான் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இருந்தது. இந்திய மிளகாயும் வெங்காயமும் வராமல் நின்றதால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் நிமிர்ந்தார்கள். கல் வீடு கட்டியவர்களும் உழவு இயந்திரம் வாங்கியவர்களும் உண்டு. அந்த விவசாயிகளில் பலர் அரசியலில் அந்த அரசாங்கத்தை எதிர்த்தவர்கள்தான், ஆனாலும் அந்த ஒரு விதியைக் குறை சொல்ல மாட்டார்கள். 1977 இறுதியில் திறந்த பொருளாதாரம் வந்து சந்தை திறந்துவிடப்பட்டபோது அதிகம் அடிபட்டவர்களும் அவர்களே.

புத்தகத்திலும் ஏறத்தாழ இதேதான் நடந்தது. கல்கி, குமுதம், ஆனந்த விகடன் வந்துகொண்டிருந்தவரை கொழும்புப் பத்திரிகை நிறுவனங்களுக்கு ஈழத்து நாவல் என்பது நட்டக் கணக்கு. அவை குறைந்ததும் வாசகர் வேறு எதையாவது வாசித்தாக வேண்டும். வீரகேசரிப் பிரசுரம் அந்த இடைவெளியில்தான் வளர்ந்தது. அ. பாலமனோகரனின் நிலக்கிளி, செங்கை ஆழியானின் வாடைக்காற்று ஆகிய இரண்டும் அந்த வரிசையில் 1973இல் வந்தவை. வன்னிக் காடும் நெடுந்தீவுக் கடலும் மலிவு விலையில் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கியது எங்கள் தலைமுறைக்குப் புதுமை. டொமினிக் ஜீவாவின் மல்லிகை 1966இலிருந்தே வந்துகொண்டிருந்தது, அதற்கும் இந்த ஆண்டுகளில் புதிய வாசகர்கள் கிடைத்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து அலை 1975இல் தொடங்கியது.

இந்தக் கோரிக்கை அரசாங்கத்திலிருந்து மட்டும் வரவில்லை என்பதையும் உங்கள் கட்டுரையில் குறிப்பிடுங்கள். தமிழக வணிகச் சஞ்சிகைகளின் வரவை மட்டுப்படுத்த வேண்டும் என்று இலங்கை முற்போக்கு எழுத்தாளர்கள் பலர் அதற்கு முன்பிருந்தே வலியுறுத்திவந்தார்கள். தமிழர்களே கேட்ட ஒன்றைத் தமிழருக்கு எதிரானது என்று ஒரே வரியில் முடித்துவிட முடியுமா?

எல்லைக்கோடு

நூலகர் ஐயா சொன்ன தகவல்கள் எதையும் நான் மறுக்கவில்லை, ஆனால் அவற்றிலிருந்து அவர் போகும் முடிவோடு உடன்பட முடியவில்லை. மிளகாய் எங்கே விளைந்தாலும் மிளகாய்தான். யாழ்ப்பாணத்து மிளகாய் வந்தால் இந்திய மிளகாய் வராத குறை தீர்ந்துவிடும். மருத்துவப் பாடநூலையோ சங்க இலக்கிய உரையையோ திருமுறைப் பதிப்பையோ ஒரு நல்ல ஈழத்து நாவல் ஈடுசெய்யாது. நூலில் ஒவ்வொரு தலைப்பும் தனிப் பொருள். வணிக இதழ்களால் தீமை என்று எழுத்தாளர்கள் வாதிட்டதும், ஆராய்ச்சி நூலும் அகராதியும் அதே அனுமதிப்பத்திர வரிசையில் போய் நின்றதும் ஒரே விடயமல்ல.

நெய்தல் கேட்ட அளவுகோலுக்கு வருகிறேன். ஒரு விதி எந்த மொழியின் பெயரையும் சொல்லாமலே ஒரு மொழியின் மேல் மட்டும் விழக்கூடும். சிங்கள நூல்கள் அச்சாகும் இடம் இலங்கை மட்டுமே. இறக்குமதி முழுவதையும் நிறுத்தினாலும் சிங்கள வாசகருக்குத் தம் மொழியில் ஒரு பக்கம்கூடக் குறையாது. ஆங்கில நூல்களும் குறைந்தன என்பது உண்மை, ஆனால் ஆங்கிலம் வாசித்தவர்கள் சிறு தொகையினர், தூதரக நூலகங்களும் அவர்களுக்கு இருந்தன. தமிழின் பெரிய அச்சகங்களும் பதிப்பகங்களும் பாக்கு நீரிணைக்கு அப்பால் இருந்தமையால், "வெளிநாட்டு நூல்" என்று நிதி அமைச்சு எழுதிய சொல்லின் பொருள் நடைமுறையில் "தமிழ் நூல்" என்றே ஆயிற்று. அந்த விதியை எழுதிய அதிகாரியின் மனத்தில் வெறுப்பு இருந்ததா இல்லையா என்று ஆராய்வது வீண் வேலை, அதற்குச் சான்றும் கிடைக்காது. பாதிப்பு யார்மேல் விழும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்ததா, தெரிந்த பிறகு அதைத் தணிக்க ஏதாவது செய்தாரா என்று பார்த்தால் போதும்.

தணிப்பதற்கு என்ன செய்திருக்கலாம்? வெளியிலிருந்து வருவதை நிறுத்துகிற அரசு உள்ளே அச்சிடுவதற்கு வழி திறந்துவிட்டிருந்தால், நூலகர் ஐயா சொல்வதுபோல் அதை ஊக்குவிப்பு என்றே நானும் ஒப்புக்கொள்வேன். நடந்தது என்ன? 1972 அரசியலமைப்பு சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக வைத்தது. 1973இல் பத்திரிகைப் பேரவைச் சட்டம் வந்தது, அதே ஆண்டில் லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனம் அரசின் கைக்குப் போனது, அதோடு தினகரனும் போனது. 1974இல் அவசரகாலச் சட்டத்தின் கீழ் சுயாதீனப் பத்திரிகை நிறுவனம் முத்திரையிடப்பட்டபோது, அதன் சிங்கள, ஆங்கில ஏடுகளோடு தினபதியும் சிந்தாமணியும் சேர்ந்தே நின்றன, 1977 வரை அந்தக் கதவு திறக்கவில்லை. வெளியிலிருந்து வந்த வாசிப்பு ஒருபுறம் சுருங்க, உள்ளே இருந்த நாளேடுகளில் ஒன்று அரசுடையதாகி இன்னொன்று மூடப்பட்டது. அத்தனைக்கும் நடுவில் வீரகேசரிப் பிரசுரமும் மல்லிகையும் தழைத்தது அவற்றை நடத்தியவர்களின் திறமை. அந்தப் பெருமையை அரசாங்கத்தின் கணக்கில் வரவு வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பிற நாடுகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வெளிப்படையாக மொழியின் பெயரைச் சொல்லித் தடை செய்தவை பல உண்டு. ரஷ்யப் பேரரசன் இரண்டாம் அலெக்சாந்தர் 1876இல் ஜெர்மனியின் எம்ஸ் நகரில் தங்கியிருந்தபோது கையெழுத்திட்ட ஆணை, உக்ரேனிய மொழி நூல்களை வெளிநாட்டிலிருந்து சிறப்பு அனுமதியின்றிக் கொண்டுவருவதைத் தடுத்தது, உள்நாட்டிலும் பெரும்பாலான வகை நூல்களை அச்சிட விடவில்லை. விளைவாக, உக்ரேனியப் பதிப்பு வேலை ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த லிவிவ் நகரத்துக்கு இடம்பெயர்ந்தது. லித்துவேனியாவில் 1864 முதல் 1904 வரை நாற்பது ஆண்டுகள் இலத்தீன் எழுத்தில் அச்சான லித்துவேனிய நூல்களுக்குத் தடை. ரஷ்ய எழுத்தில் அச்சிட்டால் மட்டுமே அனுமதி. மக்கள் அந்த ரஷ்ய எழுத்துப் புத்தகங்களைத் தொட மறுத்தார்கள். எல்லைக்கு அப்பால், பிரஷ்யாவின் டில்சிட் போன்ற ஊர்களில் அச்சிட்டு, மூட்டையாகக் கட்டி இரவில் எல்லை தாண்டினார்கள். பிடிபட்டவர்கள் சைபீரியாவுக்குப் போனார்கள். அப்படி நூல் சுமந்தவர்களை நினைவுகூர இன்றும் அந்நாட்டில் மார்ச் 16 தனி நாளாக இருக்கிறது. துருக்கி 1967இல் வெளிநாட்டில் அச்சான குர்திய மொழி வெளியீடுகளைக் கொண்டுவருவதற்கு அமைச்சரவை ஆணை மூலம் தடை விதித்தது. இந்தோனேசியாவில் சுகார்த்தோ காலத்தில், 1978இல், சீன எழுத்தில் உள்ள அச்சுப் பொருளை இறக்குமதி செய்வதை வர்த்தக அமைச்சு தடை செய்தது. விமானத்திலிருந்து இறங்குபவர் நிரப்பும் சுங்கப் படிவத்தில் போதைப்பொருள், துப்பாக்கி ஆகியவற்றோடு சீன அச்சுப் பொருளும் அறிவிக்க வேண்டிய பண்டமாக வரிசையில் இருந்தது. ஒரு மொழியின் எழுத்தை வெடிமருந்தின் பக்கத்தில் நிறுத்திய அந்தப் படிவத்தை விட வெளிப்படையான சான்று தேவையில்லை.

இலங்கைக் கட்டுப்பாட்டை இவற்றோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. எவரும் தமிழ் நூல் வைத்திருந்ததற்காகச் சிறை போகவில்லை, தமிழில் அச்சிடுவதையும் சட்டம் தடுக்கவில்லை. மேற்சொன்ன நாடுகளில் தடையின் நோக்கம் சட்டத்திலேயே எழுதியிருந்தது. இலங்கையில் அந்நியச் செலாவணியும் மொழி அரசியலும் ஒரே அனுமதிப்பத்திரத்துக்குள் புகுந்துகொண்டன என்பதே என் கணிப்பு.

மலையகத்தான்

எல்லைக்கோடு அவர்கள் எழுதியதற்கு ஒரு பக்கக் குறிப்பு. யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் வைத்தே எல்லோரும் பேசுகிறீர்கள். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நூல் வாங்கிச் சேர்த்தவர் குறைவு. அங்கே வாசிப்பு என்றால் ஒரு லயத்துக்கே (தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கே) ஒரு வார இதழ், அதுவும் பல கை மாறி. என் தாயார் ஒரு வார இதழில் வந்த தொடர்கதையைப் பக்கம் பக்கமாகப் பிரித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, சீமெந்துப் பையின் தாளால் அட்டை போட்டு வைத்திருந்தார். அத்தியாயங்களின் பின்பக்கத்தில் கூந்தல் தைல விளம்பரமும் பாதி வெட்டுப்பட்ட சமையல் குறிப்பும் இருக்கும். தொகுதி நடுவில் முடிந்துவிடுகிறது, கடைசித் தாளில் "தொடரும்" என்று இருக்கிறது. அந்தக் கதையின் முடிவை அவர் பல ஆண்டுகள் கழித்து, திருச்சிக்குக் குடியேறிய உறவினர் ஒருவரின் கடிதம் மூலம்தான் அறிந்துகொண்டார்.

பொழுதுபோக்கு இதழ் போனால் என்ன என்று கேட்கும் முற்போக்கு நண்பர்களிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான். எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டப் பழகியதே அந்தக் குப்பை இதழ்களில். நல்ல நாவல் வாசிக்கும் பழக்கத்துக்கு அதுதான் முதல் படி. இன்னொன்று: 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி எங்கள் மக்களில் பல இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்பும் ஏற்பாடு அதே ஆண்டுகளில்தான் நடந்துகொண்டிருந்தது. தலைமன்னார்க் கப்பலில் ஆட்கள் அந்தப் பக்கம் போகலாம், புத்தகம் இந்தப் பக்கம் வரக் கூடாது.

கடவுச்சீட்டு

சட்டக் கோணத்தையும் சற்றுப் பார்க்கலாம். யுனெஸ்கோ 1950இல் புளோரன்சில் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை, நூல்கள் உள்ளிட்ட கல்வி, பண்பாட்டுப் பொருட்களுக்குச் சுங்க வரி விதிக்கக் கூடாது என்கிறது. இலங்கை 1950களிலேயே அதில் சேர்ந்துவிட்டது. ஆகவே 1970களில் நூல் இறக்குமதி சுருங்கியதை அந்த உடன்படிக்கை மீறல் என்று சிலர் எழுதுவதுண்டு, அது சரியல்ல. வரி விலக்கு வேறு, அனுமதிப்பத்திரமும் அந்நியச் செலாவணியும் வேறு. அனுமதிப்பத்திரத்தையும் செலாவணியையும் வழங்கியே ஆக வேண்டும் என்ற கடப்பாட்டை உடன்படிக்கையின் இரண்டாம் உறுப்புரை ஒரு குறுகிய பட்டியலுக்கு மட்டுமே தருகிறது. பொது நூலகங்களுக்கும் கல்வி, ஆராய்ச்சி நிறுவன நூலகங்களுக்கும் அனுப்பப்படும் நூல்கள், அரசுகளின் உத்தியோகபூர்வ வெளியீடுகள், ஐக்கிய நாடுகள் சபையின் வெளியீடுகள், பார்வையற்றோருக்கான நூல்கள் போன்றவை அதில் அடங்கும். கடையில் விற்பனைக்கு வரும் நாவலும் வார இதழும் அதில் இல்லை. போதாததற்கு, தேசப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொது ஒழுக்கம் ஆகிய காரணங்களால் தடை செய்யும் உரிமையை ஐந்தாம் உறுப்புரை அரசுகளிடமே விட்டுவைத்திருக்கிறது.

குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 19ஆம் உறுப்புரை, எல்லைகளைப் பொருட்படுத்தாமல் தகவலைத் தேடவும் பெறவும் உள்ள உரிமையைச் சொல்கிறது. 27ஆம் உறுப்புரை சிறுபான்மையினர் தம் மொழியைப் பயன்படுத்தும் உரிமையைச் சொல்கிறது. இலங்கை அதில் இணைந்தது 1980இல், கட்டுப்பாடு தளர்ந்த பிறகு. ஐரோப்பியப் பேரவையின் 1995ஆம் ஆண்டுச் சட்டகச் சாசனம், சிறுபான்மை மொழியில் எல்லை தாண்டித் தகவல் பெறுவதில் அரசு குறுக்கிடக் கூடாது என்று இன்னும் நேரடியாகவே சொல்லும், ஆனால் அது நமக்குப் பொருந்தாது.

அண்மைக்கால ஒப்பீடு வேண்டுமானால் உக்ரேனைப் பாருங்கள். முற்காலத்தில் எம்ஸ் ஆணைக்கு ஆளான அதே நாடு, 2016 இறுதியில் ரஷ்யாவிலிருந்து வரும் நூல்களுக்கு அனுமதி முறையைக் கொண்டுவந்தது. தனிநபர் பயணப் பொதியில் 10 பிரதிகள் வரை கொண்டுவரலாம் என்று விலக்கும் கொடுத்தது. முழுப் போர் மூண்ட பின், 2023இல், ரஷ்யாவிலிருந்தும் பெலாரசிலிருந்தும் வணிக இறக்குமதி அடியோடு தடை செய்யப்பட்டது. படையெடுத்து வந்த நாட்டின் அச்சுப் பொருளை நிறுத்துவதற்கு வலுவான நியாயம் உண்டு என்றே நான் நினைக்கிறேன். ஆயினும் ரஷ்ய மொழியில் வாசித்துப் பழகிய உக்ரேனியக் குடிமகனுக்கு உள்நாட்டில் அந்த மொழியில் என்ன கிடைக்கிறது என்ற கேள்வி அங்கும் எழத்தான் செய்கிறது. எல்லைக்கோடு சொன்ன அளவுகோல் அங்கும் பொருந்துகிறது.

பழைய நூலகர்

எல்லைக்கோடு அவர்களின் வாதத்தில் வலு இருக்கிறது, தினபதி மூடப்பட்டதை நான் சேர்த்துப் பார்க்கத் தவறவில்லை என்றாலும் அது எல்லா மொழி ஏடுகளையும் நடத்திய ஒரு நிறுவனத்தின் மேல் விழுந்த அடி என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். என் கவலை வேறு. 1977க்குப் பிறகு கதவு திறந்தது, தமிழக இதழ்கள் மீண்டும் குவிந்தன, உள்ளூர்ப் பதிப்பு படிப்படியாக மெலிந்தது. வீரகேசரிப் பிரசுரத்தின் வேகம் குறைந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். வரவேண்டியது வந்தது, ஆனால் நம்முடையது அந்தப் பக்கம் போகவில்லை. சென்னையில் ஒரு புத்தகக் கடையில் கொழும்பில் அச்சான நூலைத் தேடிப் பாருங்கள், கிடைப்பது அரிது. ஒருவழிப் பாதையைத் திறந்துவிட்டு அதற்கு மொழி உரிமை என்று பெயர் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

நெய்தல்

எல்லோருக்கும் நன்றி. கட்டுரையைப் பொது நூலகங்கள், வணிகச் சஞ்சிகைகள், உள்நாட்டு அச்சு என்று மூன்று தனி விடயங்களாகப் பிரித்து எழுதலாம் என்று நினைக்கிறேன். கடவுச்சீட்டு அவர்கள் குறிப்பிட்ட நூலக விலக்கு நடைமுறையில் பின்பற்றப்பட்டதா என்பதை எங்கே தேடலாம்?

எல்லைக்கோடு

இரண்டு இடங்களில் தேடுங்கள். தேசிய சுவடிக்கூடத்தில் அக்கால வர்த்தமானி அறிவித்தல்களையும் நாடாளுமன்ற விவாதப் பதிவுகளையும் பார்க்கலாம். தமிழ் உறுப்பினர்கள் கேட்ட வாய்மூல வினாக்களுக்கு வர்த்தக அமைச்சு கொடுத்த விடைகளில் அனுமதிப்பத்திர விவரம் இருக்க வாய்ப்புண்டு. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கொள்வனவுப் பதிவேடுகளை நம்பி இறங்க வேண்டாம். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்த கட்டடம் அது. அதனால் பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தின் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்: 1969க்கும் 1978க்கும் இடையில் சென்னையில் அச்சான தமிழ் நூல்கள் ஆண்டுக்கு எத்தனை பதிவாகியிருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தாலே நூலக விலக்கு உயிரோடு இருந்ததா என்று தெரிந்துவிடும். மல்லிகையின் அக்கால இதழ்களை 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளத்தில் வாசிக்கலாம். ஆசிரியர் பக்கங்களையும் வாசகர் கடிதங்களையும் விட்டுவிடாதீர்கள், இறக்குமதி பற்றிய சண்டை பெரும்பாலும் அங்கேதான் நடந்தது.